அடுப்படியில் ஒரு காதல் கதை



போன தை மாதம் எங்கள் வீட்டில் ஒரு சம்பவம் நடந்தது. என் புத்தி போன போக்கை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். உங்களில் யாருக்காவது உபயோகப்படும்.

எங்கள் வீடு பச்சைமலை அடிவாரத்தில், துறையூர்ப் பக்கம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பையனுக்குத் திருச்சியில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கள் விடியற்காலை பஸ்ஸுக்குப் போய்விடுவான். மருமகளும் இரண்டு வயதுப் பேரனும் எங்களோடு.

அன்றைக்கு ஒரு சனிக்கிழமை. ராத்திரி பத்தரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அடுப்படியில் விளக்கு எரிந்தது. மருமகள் நாளைக்குச் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்தபடி மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"நீங்க இல்லாம இந்த வீட்டுல ஒரு நிமிஷம்கூட என்னால இருக்க முடியாது. எப்ப வந்து கூட்டிட்டுப் போவீங்க?"

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. பையனிடம் பேசுகிறாள் என்று நினைக்கலாமென்றால், அவன்தான் உள்ளே குறட்டை விட்டுத் தூங்குகிறானே! சத்தம் போடாமல் திரும்பி வந்து படுத்தேன். தூக்கம் வருமா? கோழி கூவுகிறவரைக்கும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

அதற்கப்புறம் அவள் எது செய்தாலும் எனக்குச் சந்தேகம். மத்தியானம் குழந்தை தூங்கியதும் மொட்டை மாடிக்குப் போகிறாள். அதுவும் மலையைப் பார்த்த மூலைக்கு. கையில் செல்போன். நான் படியேறினால் சட்டென்று மூடி வைக்கிறாள். அடுத்த சனிக்கிழமை பையன் வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவே கட்டிவிட்டேன். நல்லவேளை, வெள்ளிக்கிழமை மத்தியானம் மனசு கேட்காமல் நேரே மாடிக்குப் போய் அவளையே கேட்டேன்.

"யாருகிட்டம்மா பேசுற?"

முகம் வெளுத்துப்போய் போனை என்னிடம் நீட்டினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். வரிவரியாய்த் தமிழ் எழுத்து. மேலே 'அத்தியாயம் 14' என்று போட்டிருந்தது.

"கதை எழுதுறேன் அத்தை. நான் வாயால சொன்னா போன் அதுவே எழுதிக்கும். இந்த மூலையிலதான் சிக்னல் கிடைக்குது."

"அதை ஏம்மா ஒளிச்சு எழுதணும்?"

"கதை எழுதுறேன்னு சொன்னா, என்ன கதைன்னு கேப்பீங்க. காதல் கதைன்னு மாமியார்கிட்ட எப்படி அத்தை சொல்றது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஏன் தெரியுமா? ஒரு காலத்தில் காதல் கதைகளை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் படித்தவள்தான் நானும்!

பெரியம்மாவின் டிரங்குப் பெட்டி

ஸ்ரீரங்கத்தில் என் பெரியம்மா வீடு இருந்தது. பள்ளிக்கூட லீவு விட்டால் அங்கேதான் போவேன். பெரியம்மா வாராவாரம் பத்திரிகையில் வரும் தொடர்கதையைக் கத்தரித்து, நூல் கோர்த்து வைப்பார். கதை முடிந்ததும் பைண்டு செய்கிறவரிடம் கொடுத்துக் காலிகோ அட்டை போட்டு வாங்கிக்கொள்வார். பக்கத்துக்குப் பக்கம் படம், ஓரத்தில் தைல விளம்பரம், நடுவில் கதை. அந்த மாதிரி டிரங்குப் பெட்டி நிறைய இருந்தது. அதில் பாதி, எழுத்தாளர் லட்சுமியின் கதைகள்.

"யாருன்னு நினைச்ச? நம்ம தொட்டியத்துப் பொண்ணு!" என்பார் பெரியம்மா, ஏதோ சொந்தக்காரப் பெண்ணைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

உண்மைதான். எங்கள் ஊரிலிருந்து முசிறி போய், காவிரிக் கரையோரமாகவே மேற்கே போனால் தொட்டியம். வாழைத் தோட்டத்துக்குப் பேர் போன ஊர். லட்சுமியின் இயற்பெயர் திரிபுரசுந்தரி. 1921-ஆம் வருஷம் பிறந்தவர். திருச்சியில் படித்துவிட்டு, டாக்டருக்குப் படிக்கச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரிக்குப் போனார். அந்த நாளில் நம் பக்கத்துப் பெண் ஒருத்தி டாக்டருக்குப் படிப்பது எவ்வளவு பெரிய காரியம்!

படிக்கும்போது பணமுடை வந்தது. இரண்டாவது உலக யுத்த காலம் அது. படிப்பை விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டியதுதான் என்ற நிலைமை. அந்தப் பெண் என்ன செய்தார் தெரியுமா? ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.எஸ். வாசனை நேரில் பார்த்து, கதை எழுத வாய்ப்புக் கேட்டார். வாய்ப்பும் கிடைத்தது. கதை எழுதி வந்த பணத்தில் படிப்பைத் தொடர்ந்து டாக்டரும் ஆனார்.

சின்ன வயதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. கதாநாயகி அழுதால் நானும் அழுவேன், அவ்வளவுதான். அந்தக் கதை ஒவ்வொன்றும் ஒரு பெண்ணின் பரீட்சைக் கட்டணமாகவும் ஹாஸ்டல் சாப்பாடாகவும் மாறியிருக்கிறது என்று பின்னால் தெரிந்துகொண்டபோதுதான், 'சும்மா பொழுதுபோக்குக் கதை' என்று சொல்கிற வாயை அடைக்க வேண்டும் போல இருந்தது.

'காஞ்சனையின் கனவு' நாவல் 1952-இல் 'காஞ்சனா' என்று படமாக வந்தது. 'பெண் மனம்' 1963-இல் சிவாஜியும் சரோஜாதேவியும் நடித்த 'இருவர் உள்ளம்' ஆயிற்று. கல்யாணமாகித் தென்னாப்பிரிக்கா போன லட்சுமி இருபது வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தார். 1977-இல் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து எழுதினார். தென்னாப்பிரிக்காவைக் களமாக வைத்து எழுதிய 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு 1984-இல் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது. எத்தனை ஆயிரம் மைல் தள்ளிப் போனாலும், தலைப்பு வைக்கும்போது நம் காவிரிதானே வந்தது! 1987-இல் காலமானார்.

வாயால் சொன்ன கதைகள்

மருமகள் போனுக்குக் கதை சொன்னதைக் கேட்டு நான் கலங்கினேனே, அது ஒன்றும் புதுசு இல்லையாம்.

வை.மு. கோதைநாயகி அம்மாளைப் பற்றி உங்கள் பாட்டிமார் சொல்லியிருப்பார்கள். 1901-இல் பிறந்தவர். ஐந்து வயசு தாண்டியதுமே கல்யாணம். முதலில் அவருக்குச் சரியாக எழுதக்கூடத் தெரியாது. ஆனால் மனசு நிறையக் கதை இருந்தது. அவர் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் என்ற தோழி உட்கார்ந்து எழுதினார். அப்படிப் பிறந்ததுதான் 'இந்திர மோகனா' என்ற நாடகம். அப்புறம் தாமே எழுதக் கற்றுக்கொண்டார். 1925-இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று முப்பது வருஷத்துக்கு மேல் நடத்தினார். சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்கும் போனார். 1960-இல் அவர் காலமானபோது எழுதி முடித்திருந்த நாவல்கள் 115!

சீமையிலும் இப்படி ஒருவர் இருந்தார். பார்பரா கார்ட்லண்டு என்ற காதல் கதை எழுத்தாளர். மத்தியானச் சாப்பாடு ஆனதும் சோபாவில் சாய்ந்துகொள்வாராம். காலடியில் வெந்நீர்ப் பை, பக்கத்தில் நாய்க்குட்டி. அவர் சொல்வதைக் காரியதரிசி எழுதிக்கொள்வார். இப்படியே எழுநூறுக்கு மேல் புத்தகம்! 2000-ஆம் வருஷம் 98 வயதில் இறந்தார்.

கோதைநாயகி அம்மாளுக்குத் தோழி, கார்ட்லண்டு அம்மாளுக்குக் காரியதரிசி, என் மருமகளுக்குச் செல்போன். ஆனால் என் மருமகளுக்குச் சோபாவும் இல்லை, வெந்நீர்ப் பையும் இல்லை. வெங்காயம் உரித்துக்கொண்டேதான் கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

வாரம் ஒரு அத்தியாயம்

தொடர்கதை எழுதுவது லேசான காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். வாரம் தவறாமல் அத்தியாயம் போய்ச் சேர வேண்டும். ஓவியர் படம் போட வேண்டும், அச்சுக் கோர்க்க வேண்டும். அதற்கு முன்னால் கதை கையில் இருக்க வேண்டும். வீட்டில் காய்ச்சல், விருந்தாளி, தீபாவளி என்று எதைச் சொன்னாலும் கதாநாயகி காத்திருக்க மாட்டாள். 'தொடரும்' என்று எங்கே நிறுத்துவது என்பதும் ஒரு கெட்டிக்காரத்தனம். முந்தின வாரம் கதவு தட்டுகிற சத்தத்தோடு நிறுத்தியிருந்தால், இந்த வாரம் யாராவது உள்ளே வந்தாக வேண்டுமே!

அப்புறம் மாத நாவல் காலம் வந்தது. 1969-இல் 'ராணிமுத்து' ஆரம்பித்தபோது ஒரு முழு நாவல் ஒரே இதழில், குறைந்த விலைக்குக் கையில் கிடைத்தது. பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில் கொடியில் தொங்கும். துறையூரில் ஏறும்போது வாங்கினால், திருச்சியில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்குள் கதாநாயகிக்குக் கல்யாணம் முடிந்திருக்கும்.

அந்த வரிசையில் ரமணிசந்திரன் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியுமா? நூற்றைம்பது நாவல்களுக்கு மேல் எழுதியவர். நூலகத்தில் அவர் புத்தகம் அலமாரியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஒருத்தி திருப்பிக் கொடுக்க வருவாள், இன்னொருத்தி அதற்காகவே நின்றுகொண்டிருப்பாள். கதாநாயகிக்கு ஒரு ரோஷம் இருக்கும், கடைசிப் பக்கத்தில் நல்லபடியாக முடியும் என்று நம்பிப் படிக்கலாம். நாள் முழுவதும் அடுத்தவர் அழுகையைக் கேட்கிறவளுக்கு அந்த நம்பிக்கை பெரிசு.

அனுராதா ரமணனையும் சொல்ல வேண்டும். தஞ்சாவூரில் பிறந்தவர். ஓவியம் வரையத் தெரிந்தவர். இரண்டு பெண் குழந்தைகளைத் தனியாக வளர்க்க வேண்டிய நிலையில் எழுத்தைக் கையில் பிடித்துக்கொண்டார். அவருடைய 'சிறை' கதை 1984-இல் படமாகவும் வந்தது. 2010-இல் அவர் காலமாகிறவரைக்கும் பேனாதான் அவர் குடும்பத்துக்குச் சோறு போட்டது.

இவர்களை எல்லாம் வரிசையாக நினைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று புரிகிறது. படிக்கிற நமக்கு அது மத்தியானப் பொழுதுபோக்கு. எழுதுகிறவளுக்கு அது வேலை. தையல் மிஷின் மிதிக்கிறவளைப் பார்த்து "சும்மாதானே உட்கார்ந்திருக்கே" என்று யாராவது கேட்பார்களா? கதை எழுதுகிறவளை மட்டும் கேட்கிறோம்.

இப்போதைய புது வரவுகள்

கடையில் தொங்கும் மாத நாவல்கள் இப்போது குறைந்துவிட்டன. ஆனால் கதை குறையவில்லை. மருமகள் காட்டினாள், பிரமித்துப்போனேன். பிரதிலிபி போன்ற தளங்களில் தினம் தினம் புது அத்தியாயம் வருகிறது. 2016 கடைசியிலிருந்து கிண்டிலிலும் தமிழ்ப் புத்தகம் போட வழி செய்திருக்கிறார்கள். எழுதுகிறவளே அட்டைப்படம் வைத்து, விலை வைத்து வெளியிடலாமாம். நன்றாகப் படிக்கப்பட்ட கதைகளைச் சின்னப் பதிப்பகங்கள் புத்தகமாகவும் கொண்டுவருகின்றன. முன்போல் ஆயிரக்கணக்கில் அச்சடித்துக் குவிப்பதில்லை. வேண்டிய பிரதி மட்டும் போட்டுக்கொள்கிறார்கள்.

எழுதுகிறவர்கள் யார் என்கிறீர்கள்? வீட்டோடு இருக்கிற பெண்கள், கைக்குழந்தைக்காரிகள், ஆபீஸ் போகிறவர்கள், சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிறவர்கள். படிக்கிறவர்களும் அவர்களேதான். ஒரு அத்தியாயம் போட்ட பத்து நிமிஷத்தில், "அவனை மன்னிக்காதே" என்று கதாநாயகிக்கு நாலு பேர் புத்தி சொல்லி எழுதிவிடுகிறார்கள்!

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைகள் சிலவற்றில் கதாநாயகன் கதாநாயகியைக் கன்னத்தில் அறைகிறான், மிரட்டிக் கல்யாணம் செய்கிறான். அதை ஆசை என்று எழுதுகிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. மருமகளிடம் சொன்னேன், "உன் கதையில அடிக்கிறவன் வேண்டாம்மா. அடிச்சா அவ பொட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பட்டும்." சிரித்தாள். ஆனால் அத்தியாயம் 15-இல் கிளம்ப வைத்துவிட்டாள்.

எழுதுகிற சகோதரிகளுக்குச் சில யோசனைகள்

இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் ஒளித்து வைத்து எழுதுகிறீர்களோ! உங்களுக்காகச் சில வார்த்தைகள்:

* படுத்துக்கொண்டு, இருட்டில், போனை மூக்குக்கு நேரே பிடித்து எழுதாதீர்கள். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை, இருபது அடி தள்ளி உள்ள எதையாவது இருபது விநாடி பாருங்கள். மறக்காமல் கண்ணைச் சிமிட்டுங்கள். எங்களுக்குப் பச்சைமலை இருக்கிறது. உங்களுக்கு எதிர்வீட்டு வேப்பமரம் போதும்.

* கட்டைவிரலாலேயே தட்டிக்கொண்டிருந்தால் மணிக்கட்டில் வலி பிடிக்கும். நடுநடுவே கையை உதறி விடுங்கள். வாயால் சொல்லி எழுத வைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். வலி வாரக்கணக்கில் போகாவிட்டால் தைலம் தேய்த்துக்கொண்டே இருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

* கைக்குழந்தை உள்ளவர்கள் ராத்திரித் தூக்கத்தைக் கதைக்குக் கொடுக்காதீர்கள். பால் கொடுக்கும் தாய்க்குத் தூக்கமும் ஓர் ஆகாரம்தான். எழுத்தைப் பகலுக்கு மாற்றப் பாருங்கள். வீட்டாரிடம் வாய் திறந்து கேளுங்கள்.

* கதையின் பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும். எழுதியவளுக்கு அவள் ஆயுள் வரைக்கும், அவளுக்குப் பிறகு அறுபது வருஷத்துக்கு அவள் வாரிசுகளுக்கும் அந்தக் கதை சொந்தம் என்கிறது நம் நாட்டுச் சட்டம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், எதை எத்தனை வருஷத்துக்குக் கொடுக்கிறோம் என்று படியுங்கள். புரியாவிட்டால் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

* "பணம் கட்டு, உன் கதையைப் பிரபலமாக்குகிறேன்" என்று யாராவது வந்தால் உஷார்! முகம் தெரியாத வாசகர்களிடம் வீட்டு விலாசம், போன் நம்பர், குழந்தை போட்டோ எதையும் கொடுக்காதீர்கள். புனைபெயர் இருக்கிறதே, திரிபுரசுந்தரி லட்சுமியாகவில்லையா?

* வருகிற பணம் உங்கள் பெயரில் உள்ள பாங்குக் கணக்குக்கே வரட்டும்.

வாத்தியார் மேஜை

எங்கள் வீட்டுக் கதை என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா?

மாடியிலிருந்து இறங்கி வந்ததும், அவளைச் சந்தேகப்பட்டதை அவளிடமே ஒப்புக்கொண்டேன். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தாள். கண் கலங்கியது. "அவர்கிட்ட சொல்லியிருந்தீங்கன்னா அத்தை..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்த நேரத்தில் என் வாயைக் கட்டிப்போட்டதற்குச் சமயபுரத்தாளுக்கு ஒரு மாவிளக்குப் போட்டேன்.

இப்போது மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரைக்கும் பேரன் என் பொறுப்பு. என் வீட்டுக்காரர் பரீட்சைப் பேப்பர் திருத்திய பழைய மேஜையைத் துடைத்து, ஜன்னல் ஓரமாகப் போட்டுக் கொடுத்தார். அந்த இரண்டு மணி நேரம் யார் கூப்பிட்டாலும், "அவ வேலையா இருக்கா" என்றுதான் சொல்லுவேன். முதலில் சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது.

முதல் தடவை 640 ரூபாய் வந்தது. மூன்று மாத உழைப்புக்கு அது கூலியே இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வைத்தாள். குழந்தை உண்டானதும் பாதியில் நின்றுபோன பி.எட். படிப்பை மறுபடி ஆரம்பிக்கப் பணம் சேர்க்கிறாளாம். தொட்டியத்துப் பெண்ணின் கதையை நான் அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். பெரியம்மா கொடுத்துவிட்டுப் போன பைண்டுப் புத்தகங்களையும் எடுத்துக் கொடுத்தேன். ஓரம் எல்லாம் பொடிப்பொடியாக உதிர்கிறது. பூப்போல எடுத்துப் படிக்கிறாள்.

பையன் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. "640 ரூபாய்க்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்கிறான். "நீ வேலைக்குச் சேர்ந்த புதுசுல, முதல் மாசச் சம்பளத்தை எண்ணி நாங்க சிரிச்சோமாடா?" என்று கேட்டேன். பதில் பேசவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை, அவள் எழுதும்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவனே வாய்க்கால் பக்கம் போனான். அது போதும் இப்போதைக்கு.

என்ன சகோதரிகளே, உங்கள் வீட்டில் யாராவது அடுப்படி விளக்கில் தனியாகப் பேசிக்கொண்டிருந்தால், என்னைப் போல வயிற்றைக் கலக்கிக்கொள்ளாமல் முதலில் அவளையே கேட்டுப் பாருங்கள். கதையாக இருந்தால், மீதி வெங்காயத்தை நீங்கள் வாங்கி உரியுங்கள்.